பிறை பன்னிரண்டு

மரியம் போட்ட கெடு இந்த வெள்ளிக்கிழமை அஸர் தொழுகை வரைக்கும்தான்.

கீழக்கரையில் உட்கார்ந்துகொண்டு துபாய் அல் குசைஸில் இருக்கும் ஒரு வீட்டுக்குக் கெடு வைத்தாள். அவள் கேட்டது ஒரே ஒரு வார்த்தை. ஆனால் அதைக் கௌஸ் முகைதீன் தன் வாயால் சொல்ல வேண்டும்.

"மச்சி, உங்க வாயால கேட்டாச்சு. ராஜிக் வாயாலயும் கேட்டாச்சு" என்று நாத்தனார் அஸ்மத் பீவியிடம் போன வாரம் போனில் சொன்னாள். "என் மகளுக்கு வாப்பா இல்ல. மாப்பிள்ளையோட வாப்பாவும் வாயைத் திறக்கலைன்னா நான் யாரை நம்பிப் பொண்ணைக் குடுக்க? காயல்பட்டினத்துல இருந்து ஒரு இடம் வந்து நிக்குது. வர்ற வெள்ளிக்கிழமை அங்க அஸர் ஆனதும் மிஸ்டு கால் குடுப்பேன். காக்கா பேசணும். பேசலைன்னா அவுகளுக்குச் சரின்னு சொல்லிருவேன். கோவிச்சுக்கக் கூடாது."

அஸ்மத் பீவிக்குக் கோபிக்க என்ன இருக்கிறது? மரியம் அவளுடைய தம்பி பெண்டாட்டி. கௌஸ் முகைதீனை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுவாள். தம்பி செய்யது நெய்னா 2006 ரமலானில் கடலோடு போனான். அவன் மகள் உம்மு ஹானியைத் தன் மகன் ராஜிக்குக்குக் கட்ட வேண்டும் என்பது அஸ்மத் பீவியின் ஆசை. ராஜிக்குக்கு அது ஆசை என்பதையெல்லாம் தாண்டிவிட்டது. தடையாக நின்றது ஒரே ஆள், அவள் கணவர். அந்த ஆளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. கேட்டால் எழுந்து போய்விடுவார்.

நெய்னா பேச்சை எடுத்தாலும் அப்படித்தான்.

புஜைராவுக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்குக் காய்கறி ஏற்றிப் போகும் சின்ன ஃபைபர் படகில் நெய்னாவும் கௌஸ் முகைதீனும் ஒன்றாக வேலை பார்த்தார்கள். ரமலான் பிறை ஏழு அன்று காய்கறியை இறக்கிவிட்டுத் திரும்பும்போது இஞ்சின் நின்றது. கரையிலிருந்து அடித்த காற்று படகை வெளியே தள்ளிக்கொண்டு போனது. பதின்மூன்று நாள் கழித்து ஓமான் மீனவர்கள் கண்டெடுத்தபோது படகில் கௌஸ் முகைதீன் மட்டும் கிடந்தார். முதல் நாள் ராத்திரியே நெய்னா தண்ணீரில் விழுந்துவிட்டான் என்றார். அதோடு சரி.

அதற்குப் பிறகு அவர் கடல் பக்கம் போகவில்லை. குசைஸில் ஒரு மளிகைக் கடையில் நிற்கிறார். தேராவிலிருந்து பர்துபாய் போவதென்றால்கூட அப்ரா படகில் ஏற மாட்டார். பஸ்ஸில் சுற்றிக்கொண்டு போவார்.

*

ஜும்மா முடிந்து வந்து சாப்பிட்டார்கள். சோறும் ஆட்டுக்கறி ஆணமும். அஸ்மத் பீவி ஒரு வாரமாகவே கணவர் தட்டில் நல்ல துண்டாகப் பார்த்து வைக்கிறாள். கறியால் ஒரு பலனும் இல்லை.

"மணி ரெண்டே கால்" என்றான் ராஜிக், பொதுவாகச் சுவரைப் பார்த்து.

கௌஸ் முகைதீன் எலும்பை உறிஞ்சினார்.

"மூணே முக்காலுக்கு அஸர் பாங்கு."

"அவுகளுக்குத் தெரியும்டா" என்றாள் அஸ்மத் பீவி. "அஞ்சு வேளையும் தொழுகுற மனுசருக்கு நீ நேரம் சொல்லாத."

ராஜிக்குக்கு இருபத்தாறு வயது. ஒரு டைப்பிங் சென்டரில் நாள் முழுக்க அடுத்தவர்களின் விசா ஃபாரங்களை அரபியில் அடிக்கிறான். தேதியில் ஒரு எண் பிசகினால் ஃபாரம் திரும்பி வரும், மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டும். நெய்னா மாமாவின் மரணச் சான்றிதழுக்கான காகிதங்களையும் அவன்தான் அடித்தான். 30 செப்டம்பர் 2006. அந்தத் தேதி அவன் விரல்களுக்கே மனப்பாடம்.

கதவைத் தட்டிக்கொண்டு கல்யாணசுந்தரம் உள்ளே வந்தார். அதே ஃபிளாட்டில் வாசல் பக்கத்து அறையில் வாடகைக்கு இருப்பவர். அரியலூர்க்காரர், ஏசி மெக்கானிக். வாரம் ஆறு நாள் அடுத்தவன் வீட்டு மொட்டை மாடியில் வெந்துவிட்டு, வெள்ளிக்கிழமை மட்டும் இவர்கள் ஹாலில் படம் பார்ப்பார்.

"தம்பி, படம் வாங்கியாச்சா?"

"வாங்கிட்டேன் அண்ணே. நேத்து அந்தச் சீனாக்காரம்மா டிவிடிப் பையைத் தூக்கிக்கிட்டு வந்துச்சு."

டிவிடி அட்டையில் ஒரு ஹெலிகாப்டர். கீழே தீப்பிடித்த கப்பல். முன்னால் துப்பாக்கி பிடித்த ஒருவன்.

"இது படம்" என்றார் கல்யாணசுந்தரம் திருப்தியாக, சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு.

*

படத்தில் ஹெலிகாப்டர் இல்லை. கப்பல் தீப்பிடிக்கவில்லை. துப்பாக்கியும் இல்லை. அட்டை வேறு ஏதோ படத்துடையது.

ஒரு சின்னப் படகு. அதில் ஒரு ஆள். சுற்றிலும் தண்ணீர்.

பத்து நிமிஷம் ஆனது. அந்த ஆள் வாய் திறக்கவில்லை.

"தம்பி, சவுண்டு வரலை."

"வருதே அண்ணே. அலை சத்தம் கேக்குதுல்ல."

"அலை கேக்குது. ஆளைக் கேக்கலையே."

கல்யாணசுந்தரம் ரிமோட்டை வாங்கி மொழியை மாற்றினார். ஆங்கிலத்திலிருந்து ரஷ்யனுக்கு, அதிலிருந்து இன்னொன்றுக்கு. எல்லா மொழியிலும் அதே அலைதான் அடித்தது.

"டிவிடி போச்சு" என்றார். "பேச்சு பதிவாகலை. ஏமாத்திட்டா சீனாக்காரி."

"பேச்சே இல்லாத படம் போல இருக்கு அண்ணே."

"பேச்சு இல்லாம என்னாத்துக்குப் படம்? பாட்டும் இல்ல, பைட்டும் இல்ல, ஒரு பொம்பள மூஞ்சி இல்ல. இதுக்குத் துணி துவைச்சிருக்கலாம்."

ராஜிக்குக்கு அதற்குள் வேறு ஒன்று உறைத்தது. கடல். படகு. ஒற்றை ஆள். இந்த வீட்டில், அதுவும் இன்றைக்கு. அவன் ரிமோட்டைப் பிடுங்கினான்.

"வேற போடுறேன்."

"ஓடட்டும்."

சொன்னது கௌஸ் முகைதீன். வழக்கமாக வெள்ளிக்கிழமை சாப்பிட்டதும் படுத்துவிடுகிற மனிதர் அப்படியே உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராஜிக் உம்மாவைப் பார்த்தான். அஸ்மத் பீவி, இருக்கட்டும் என்று கண்ணால் சொன்னாள்.

படத்து ஆள் படகுக்குள் வந்த தண்ணீரை ஒரு டப்பாவால் மொண்டு வெளியே கொட்டினான். ஐந்து நிமிஷம் அதையே செய்தான். பிறகு ஒரு கயிற்றை அவிழ்த்தான். பிறகு அதையே கட்டினான்.

"இவனுக்கு வேற வேலை இல்லையா?" என்றார் கல்யாணசுந்தரம்.

"இல்ல" என்றார் கௌஸ் முகைதீன்.

மற்ற மூவரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

தூரத்தில் ஒரு கப்பல் வந்தது. படத்து ஆள் எழுந்து நின்று சட்டையைக் கழற்றி வீசிக் கத்தினான். படத்தில் அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான். கப்பல் தன் வழியில் போனது.

"மடையன்" என்றார் கௌஸ் முகைதீன். "எந்திரிச்சுக் கத்தினா தொண்டை காயும். கப்பல்ல எவன் காதுல விழும்? மேல ஏசி ரூமுக்குள்ள இருப்பான் அவன்."

"அப்புறம் என்னா பண்ணணும் பாய்?"

"உக்காந்து எண்ணணும். ஒரே ஒரு கப்பலைக் காட்டுறானுங்க. நான் முப்பத்தியொண்ணு எண்ணினேன். ஒண்ணுகூட நிக்கலை. ஒண்ணு ரொம்பப் பக்கத்துல போச்சு, அதுல துணி காயுறது தெரிஞ்சுது."

அஸ்மத் பீவி கையிலிருந்த ஆரஞ்சை உரிப்பதை நிறுத்தினாள். இரண்டரை வருஷத்தில் அந்த வாயிலிருந்து கடலைப் பற்றி இவ்வளவு வந்ததில்லை. வாய் திறந்துவிட்டது. இதே வாய் இன்னும் ஒரு மணி நேரம் திறந்தே இருந்தால் போதும். மரியம் கேட்கிற ஒரு வார்த்தை இதோடு சேர்ந்து வந்துவிடும்.

ராஜிக்கும் அதையேதான் நினைத்தான். சீனாக்காரம்மாவுக்கு மனதுக்குள் நன்றி சொன்னான்.

"தண்ணி குடிக்கிறதைப் பாரு" என்று கௌஸ் முகைதீன் திரையைக் காட்டினார். "மடக்கு மடக்குனு. நாளைக்கு என்ன பண்ணுவான்? மூடியில ஊத்திக் குடிக்கணும். வாயில வச்சுக்கிட்டு முழுங்காம இருக்கணும்."

"டைரக்டர் உங்களைக் கேட்டு எடுத்திருக்கலாம் பாய்" என்றார் கல்யாணசுந்தரம்.

"கேட்டா சொல்லியிருப்பேன்."

ராஜிக் சிரித்தே விட்டான். அந்த வீட்டில் சிரிப்புக் கேட்டு நாளாகியிருந்தது.

உச்சி வெயில். படத்து ஆள் ஒரு துணியை இழுத்து மேலே போட்டுக்கொண்டு படுத்தான். கேமரா அவனையே பார்த்தது. இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம்.

"நல்லா சொகுசாத் தூங்குறான்யா" என்றார் கல்யாணசுந்தரம்.

"தனி ஆளு, தூங்குறான்" என்றார் கௌஸ் முகைதீன், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல். "எங்க தார்ப்பாய் காய்கறி மூடுறது. ஒரு ஆளுக்குத்தான் ஆகும். ஒருத்தன் உள்ள படுத்தா மத்தவன் வெளிய உக்காந்து மேல கடல்தண்ணிய ஊத்திக்கிட்டே இருக்கணும். இல்லேன்னா உள்ள அவிஞ்சுரும். லுஹர் வரைக்கும் ஒருத்தன், அஸர் வரைக்கும் ஒருத்தன். நாலு நாள் முறை தவறலை."

திரையில் அலை அடித்தது.

அஸ்மத் பீவி ஆரஞ்சைத் தட்டில் வைத்தாள்.

"யாரோட முறை?"

அவர் திரைப் பக்கம் இன்னும் நன்றாகத் திரும்பிக்கொண்டார்.

"முதல் ராத்திரியே என் தம்பி விழுந்துட்டான்னீங்க. நாலு நாள் யாரோட முறை போட்டீங்க?"

கல்யாணசுந்தரம் காலை மடக்கினார். முழு விவரம் அவருக்குத் தெரியாது. ஆனால் இது வெளியாள் இருக்கிற இடமில்லை என்று தெரிந்துவிட்டது.

"பாலு தீந்துடுச்சுக்கா. நான் போய் வாங்கியாறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

பால் ஃப்ரிட்ஜில் இரண்டு டப்பா இருந்தது.

*

"நெய்னா விழலை" என்றார் கௌஸ் முகைதீன்.

ராஜிக் டிவியை நிறுத்தப் போனான். அவர் கையை நீட்டித் தடுத்தார். அதைப் பார்த்துக்கொண்டே பேசுவதுதான் அவரால் முடிந்தது. மனைவி முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியிருக்கவில்லை.

"பன்னெண்டு பாட்டில் தண்ணி இருந்துச்சு. ஒரு பை வெங்காயம். கொஞ்சம் எலுமிச்சம்பழம். ரெண்டாம் நாள் விடியறதுக்கு முன்னாடி, ஸஹர் நேரம் அவன் கேட்டான். மச்சான், நோன்பை விட்டுரலாமா, பயணத்துல இருக்கோமே, அப்படீன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நாளைக்குக் கரை வந்துரும், நோன்புக்கு நிய்யத் வச்சுக்கன்னு சொன்னேன்."

அஸ்மத் பீவி அவரையே பார்த்தாள்.

"பயணத்துல விடலாம். உசிருக்கு ஆபத்துன்னா விட்டே ஆகணும். அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

"தெரியும்."

"நீங்க மார்க்கம் ஓதினவுக. அவன் ஓதாதவன். எதா இருந்தாலும் உங்களைக் கேட்டுத்தான் செய்வான்."

"அதான் சொன்னேன்."

"எதுக்கு?"

"அவன் நோன்பு பிடிச்சா பகல்ல தண்ணி கேக்க மாட்டான்."

 திரையில் அந்த ஆள் மறுபடி தண்ணீர் மொண்டு கொட்ட ஆரம்பித்திருந்தான்.

"நீங்க?" என்றாள் அஸ்மத் பீவி. "நீங்களும் பிடிச்சீங்களா?"

"பிடிக்கிறேன்னு அவன்கிட்ட சொன்னேன்."

"நான் அதைக் கேக்கலை."

கௌஸ் முகைதீன் தொண்டையைச் செருமினார்.

"அவன் முறைக்கு அவன் தார்ப்பாய்க்குள்ள இருப்பான். நான் வெளிய இருப்பேன். பாட்டிலும் வெளிய இருக்கும்."

இதற்கு மேல் அவரும் விளக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

"நாலாம் நாளுக்குப் பிறகு அவனால எந்திரிக்க முடியலை. அப்புறம் வாயில ஊத்தினேன். எவ்வளவோ ஊத்தினேன். உள்ள போகலை. பிறை பன்னெண்டு, ஸுபுஹுக்கு முன்னாடி மௌத்தானான். கடல்தண்ணியில குளிப்பாட்டினேன். நான் ஒருத்தனே நின்னு ஜனாஸா தொழுதேன்."

"கஃபன் துணி?"

"அவனோட கைலி."

"தார்ப்பாய் இருந்துச்சே."

"அது எனக்கு வேணும்."

ராஜிக்கின் விரல்கள் தானாகக் கணக்குப் போட்டன. பிறை பன்னிரண்டு. அக்டோபர் ஐந்து. அவன் அடித்தது முழுக்கத் தப்பு. ஊரில் இரண்டு வருஷமாக ஓதிய ஃபாத்திஹாவும் தப்பான நாளில்.

அஸ்மத் பீவி அழவில்லை. எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"அப்ப மரியம் இத்தாவை அஞ்சு நாள் முன்னாடியே முடிச்சுட்டா."

கணவன் இறந்த பிறகு நாலு மாதம் பத்து நாள் வெளி மனிதர் முகம் பார்க்காமல் ஒரு அறைக்குள் இருந்தவள் மரியம். ஒரு நாள் கூடக் குறையக் கூடாது என்று காலண்டரில் கோடு போட்டுக்கொண்டே வந்தவள்.

"மீன்காரங்க வந்தப்ப எத்தனை பாட்டில் மிச்சம் இருந்துச்சு?" என்று அஸ்மத் பீவி கேட்டாள்.

"விடுங்க உம்மா."

"நீ சும்மா இரு. எத்தனை?"

"ஒண்ணு" என்றார் கௌஸ் முகைதீன். "திறக்காதது."

*

அஸர் பாங்கு சொன்னார்கள். முதலில் பக்கத்துப் பள்ளியில், பிறகு தூரத்துப் பள்ளிகளில். யாரும் எழுந்திருக்கவில்லை.

"கரையில ஆஸ்பத்திரிக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார்" என்றார் கௌஸ் முகைதீன். "இன்னொரு ஆள் எங்கன்னார். முதல் நாளே விழுந்துட்டான்னேன். எழுதிக்கிட்டுப் போயிட்டார். அவ்வளவு சுலபமா முடிஞ்சுது. அப்புறம் நீ கேட்டே. அதையே சொன்னேன். மரியம் கேட்டா. அதையே சொன்னேன்."

"அதான் ஹானி வேணாமா?" என்றான் ராஜிக். குரல் உயர்ந்துவிட்டது. "ஒரு வருஷமா நான் நாய் மாதிரி உங்க பின்னாடி அலையுறேன். பிடிக்கலையா, வேற யாரையும் பார்த்து வச்சிருக்கீங்களான்னு என்னென்னவோ யோசிச்சேன்."

"அந்தப் பிள்ளை இந்த வீட்டுக்கு வந்து எனக்குத் தண்ணி மொண்டு குடுக்கும்டா. அதை வாங்கி நான் குடிக்கணும்."

மேஜையில் கிடந்த அஸ்மத் பீவியின் போன் அடித்தது.

ஒரு ரிங். இரண்டு ரிங். கட்.

ஊரிலிருந்து பேச மாட்டார்கள். மிஸ்டு கால்தான் வரும். இங்கிருந்து திருப்பி அழைக்க வேண்டும். யார் அழைப்பது, என்ன சொல்வது என்பதெல்லாம் இனி இந்தப் பக்கத்து வேலை.

ராஜிக் வாப்பாவின் எதிரே வந்து உட்கார்ந்தான். குரலை இறக்கினான்.

"வாப்பா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. சம்மதம். அதை மட்டும் சொல்லிட்டு வச்சிருங்க. மத்ததை நிக்காஹ் முடிஞ்ச பிறகு பார்ப்போம். ஒரு வருஷம் போகட்டும், ஒரு பிள்ளை பிறக்கட்டும். அப்புறம் நானே மாமிகிட்ட பக்குவமாச் சொல்லுறேன்."

"நேத்து வரைக்கும் பேசுங்க பேசுங்கன்னு கெஞ்சினே."

"இன்னைக்குப் பேசாதீங்கன்னு கெஞ்சுறேன்."

கௌஸ் முகைதீன் மகனைப் பார்த்தார். பையன் சொல்வது சுலபமாக இருந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்த போலீஸ்காரரிடம் சொன்னது போலவே சுலபம். அவர் தலை கொஞ்சம் அசைந்தது. ஆமாம் என்றா, இல்லை என்றா, தெரியவில்லை.

"ராஜிக்" என்றாள் அஸ்மத் பீவி.

"உம்மா, நீங்களாவது..."

"உனக்குப் பொண்ணு வேணும். சரி. என் தம்பி எப்படிச் செத்தான்னு எனக்கு இன்னைக்குத் தெரிஞ்சுபோச்சு. மரியத்துக்கு எப்பத் தெரியணும்? அவ மக உன் பிள்ளையைச் சுமக்கும்போதா? திரும்பிப் போக வழியில்லாதபோதா?"

ராஜிக் எழுந்து ஜன்னல் பக்கம் போனான்.

"இவுக அவனுக்குச் செஞ்சதையே நீ இப்ப அவளுக்குச் செய்யச் சொல்லுற. தெரிஞ்சதைச் சொல்லாம நிய்யத் வைக்கச் சொல்லுற."

அவள் எழுந்து போனாள். அலமாரிக்குள் புதிதாக ஒரு போன் கார்டு இருந்தது. எண்ணை மறைத்திருந்த சாம்பல் பூச்சைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினாள். தூளைத் தரையில் விழ விடாமல் உள்ளங்கையில் பிடித்து, ஆரஞ்சுத் தோல் கிடந்த தட்டில் தட்டினாள். கார்டையும் போனையும் கணவர் முன்னால் வைத்தாள்.

"நான் உங்களை மன்னிக்கலை" என்றாள். "இதைப் பேசிட்டா மன்னிச்சிருவேன்னும் நினைக்காதீங்க. அது வேற."

கௌஸ் முகைதீன் கண்ணாடியைத் தேடினார். கண்ணாடி அவர் சட்டைப்பையிலேயே இருந்தது.

*

கதவு திறந்தது. கல்யாணசுந்தரம் பாலோடு நின்றார். உள்ளே வருவதா வேண்டாமா என்று தெரியாமல் டிவியைப் பார்த்தார். அந்தப் படகு தனியாக ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே ஆள் இருக்கிறானா இல்லையா என்று கேமரா காட்டவில்லை. பிறகு திரை கறுத்துப் பெயர்கள் ஓட ஆரம்பித்தன.

"அவ்வளவுதானா?" அவரால் வாயைக் கட்ட முடியவில்லை. "அடப்பாவி. ஆளைக் காப்பாத்தினாங்களா இல்லையா? அதைச் சொல்ல வேணாமா? ஒன்றரை மணி நேரம் உக்கார வச்சுட்டு!"

"பொழச்சுட்டான்" என்றார் கௌஸ் முகைதீன், கார்டு எண்ணை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே.

"எப்படிச் சொல்றீங்க?"

"செத்திருந்தா காட்டியிருப்பானுங்க. பொழச்சவன் வீட்டுக்குப் போறதைத்தான் எவனும் படம் எடுக்க மாட்டான்."

கல்யாணசுந்தரம் பாலை வாசலிலேயே வைத்துவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பாதி எண்ணில் விரல் பிசகியது. முதலிலிருந்து அழுத்தினார். இதையெல்லாம் வழக்கமாக ராஜிக்தான் செய்து கொடுப்பான். இன்றைக்கு அவன் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னல் ஓரம் நின்றான். அவனுடைய கல்யாணம் அந்த விரல்களில் தடுமாறிக்கொண்டிருந்தது. உதவியும் செய்யவில்லை, பிடுங்கவும் இல்லை.

கார்டுக்காரியின் குரல், பதினேழு நிமிஷம் பேசலாம் என்று ஆங்கிலத்தில் சொன்னது. பிறகு ரிங் போனது.

எடுத்தது மரியம் இல்லை.

"மாமி?" என்றது ஒரு இளங்குரல்.

கௌஸ் முகைதீன் போனைக் காதோடு அழுத்தினார். "நான்தான்மா" என்றார்.

"மாமாவா?" அந்தப் பக்கம் போனைக் கையால் பொத்துவது கேட்டது. பொத்தியும் கேட்டது. "உம்மா! மாமாவே பேசுறாக! மாமாவே!"

பின்னால் நாலைந்து பெண்களின் சிரிப்பு. பாத்திரச் சத்தம். பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறாள் போலிருக்கிறது. யாரோ சீனி எடுத்து வா என்றார்கள்.

"அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா." இப்போது மரியம். மூச்சு வாங்கியது. "ஒரு வார்த்தை சொல்ல இத்தனை மாசமா? நான் என்ன உங்ககிட்ட ஊரை எழுதி வைக்கவா கேட்டேன்?"

"வ அலைக்கும் ஸலாம். மரியம், நீ உக்காந்திருக்கியா?"

"உக்காந்துதான் இருக்கேன். சொல்லுங்க. எல்லாரும் கேட்டுக்கிட்டு இருக்காக. ஸ்பீக்கர்ல போடட்டுமா?"

"போடாத."

அஸ்மத் பீவி எதிரில் நின்றுகொண்டிருந்தாள். ராஜிக் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். டிவியில் படம் முடிந்து முதல் பக்கம் வந்திருந்தது. மறுபடி அதே படகு, அதே அலை, யாராவது அழுத்தினால் முதலிலிருந்து ஓடுவதற்குத் தயாராக.

"சம்மதம் சொல்ல வேண்டியது நான் இல்ல, மரியம்" என்றார் கௌஸ் முகைதீன். "நான் சொல்லுறதைக் கேட்டுட்டு நீதான் சொல்லணும். வேணாம்னாலும் சரிதான்."

"என்ன காக்கா பேச்சு இது?"

"நெய்னாவுக்கு நீ ஓதுற நாள் தப்பு. பிறை ஏழு இல்ல. பன்னெண்டு."

அந்தப் பக்கம் சிரிப்பு உடனே நிற்கவில்லை. விஷயம் தெரியாத பெண்கள் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். சீனி வந்துவிட்டது போல, கரண்டி ஒலித்தது. பிறகு ஒருத்தி நிறுத்தினாள். இன்னொருத்தி நிறுத்தினாள்.

மரியம் பேசவில்லை. போனையும் வைக்கவில்லை.

கார்டில் இன்னும் பதினாறு நிமிஷம் இருந்தது.